தலைக்கு ஒரு மீன்

மீன் குவியலைப் பார்க்கவே அன்று சூலிக்குப் பயமாக இருந்தது. பசிபிக் கடலின் ஃபகாஓஃபோ தீவில் யார் வலையில் விழுந்த மீனானாலும் திடலில் கொட்டி, தலையை எண்ணித்தான் வீட்டுக்கு வீடு பங்கு பிரிப்பார்கள். நேற்றுப் பிறந்த சிசுவுக்கும் உண்டு, வெளியூர் வாத்தியாருக்கும் உண்டு. செத்தவனுக்கும் கப்பலேறிப் போனவனுக்கும் கிடையாது. ஆள் ஆளாக நியூசிலாந்துக்குக் கிளம்பிப் போனதில் குவியல்கள் வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தன.

சூலி வீட்டுக்கு ஐந்து மீன். அவள், மாமியார், இரண்டு பிள்ளைகள், புருஷன் பெத்தேலோ. அந்தப் பெத்தேலோ சூரை மீன் பிடிக்கத் தனியாகப் படகெடுத்துப் போனவன், இன்னும் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். ஆனாலும் பங்கு பிரிக்கிற கோலோவே ஐந்தில் கை வைக்கவில்லை. சூலிக்குத் தாய்மாமன்தான், ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் பார்க்காத மனுஷர். "மீன் பிடிக்கப் போனவன் ஊர்ல இருக்கறதாத்தான் கணக்கு" என்று சொல்லி எல்லார் வாயையும் அடைத்திருந்தார். அந்த ஐந்தாவது மீனை நம்பித்தான் சூலி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இனித் தேடப் போவதில்லை என்று காலையிலிருந்தே பேச்சு அடிபட்டது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கூடையை எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் காயல் ஓரமாகவே நடந்து திடலுக்கு வந்தாள். ஊர் அலுவலகத்திலிருந்து அரக்கப்பரக்க வந்த கோலோவே, அவள் பக்கம் திரும்பாமலே வேலையை ஆரம்பித்தார்.

"ஏண்டி ஒரு மாதிரி இருக்க, காய்ச்சலா?" என்றாள் பக்கத்து வீட்டு லுயேனி.

"ஒண்ணுமில்லக்கா."

"சூலி வீடு" என்று குரல் கொடுத்தார் கோலோவே. "நாலு."

சூலி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு மாமா" என்றாள். "இன்னும் ஒரே ஒரு நாள் பாருங்க, மாமா."

"நாலுதான். வழக்கத்தை உனக்காக மாத்த முடியுமா?"

"அவரு செத்துட்டாருன்னு யாரு சொன்னா?"

கோலோவே கையில் மீனோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"செத்தானா? எந்தப் பய சொன்னான்? ஒரு சரக்குக் கப்பல் அவனைத் தூக்கிட்டுப் போய் சமோவாவுல இறக்கியிருக்கு. இப்பதான் ரேடியோவுல என்கிட்டப் பேசினான். உன் வீட்டுக்கு ஆள் அனுப்பினேனே, வரலையா?"

"அப்ப ஏன் நாலு?"

"அவன் சமோவாவுலல்ல இருக்கான்? ஊர்ல இல்லாதவனுக்கு ஏது பங்கு?"

"பாவி மனுஷா, அதை முதல்ல சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்று லுயேனி தலையிலடித்துக்கொண்டாள்.

சூலி மணலிலிருந்து எழுந்து கூடையை நீட்டினாள்.

"மாமா, இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்தை?"

"நாலுன்னு."