எல்லாவற்றுக்கும் பேர் கொடுத்தவள்

1

இந்தக் கதை என் தங்கை சொன்னது. பெண்கள் பள்ளி ஒன்றில் பாட்டு டீச்சராக இருக்கிறாள். துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் ஒரு துணியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். அது சொட்டிச் சொட்டிக் கால் நனைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எழுதறதுன்னா எழுதிக்கோண்ணா. ஆனா அவளைப் பாவம்னு மட்டும் எழுதிடாத."

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: [அந்தப் பள்ளி ஒரு தேன்கூடு போல...] அடித்துவிட்டேன். தேன்கூட்டில் யாரும் வீட்டுக்குப் போகப் பயப்படுவதில்லை.

2

பள்ளி ஆண்டின் பின்பாதி அது. பாடம் நடந்ததைவிட நிகழ்ச்சிகள் நடந்ததுதான் அதிகம். ஒரு பக்கம் நாடக ஒத்திகை, இன்னொரு பக்கம் நீச்சல் பயிற்சி. அறிவியல் கண்காட்சிக்குச் செய்த காகித எரிமலை காயாமல் வராந்தாவெங்கும் பசை நாற்றம். டீச்சர்கள் டீயை ஆறவிட்டுத்தான் குடித்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் ஒருத்தி இருந்தாள். ஏழாம் வகுப்பு. சேர்ந்திசையில் அவளுக்குச் சுருதி சேராது. நீச்சல் குளத்தில் கம்பியைப் பிடித்த கையை விடமாட்டாள். நாடகத்தில் மரமாக நின்றாள். ஓட்டத்தில் எப்போதும் கடைசி. ஆசிரியர் அறையில் அவளுக்கு வைத்த பெயர் 'ஆல்ரவுண்டர்'.

"தூங்குறதுக்கு ஒரு கிளப் ஆரம்பிச்சா அதுக்கும் பேர் குடுப்பா" என்றார் விளையாட்டு டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு டீச்சரும்தான்.

(நீங்களும் சிரித்திருந்தால் பரவாயில்லை. கேட்டபோது நானும் சிரித்தேன்.)

3

சேர்ந்திசைப் போட்டி நெருங்கியதும் அவளைப் பாட்டிலிருந்து நைசாகக் கழற்றிவிட நினைத்தாள் பாட்டு டீச்சர். ஒத்திகை முடிந்து எல்லோரும் போனபின் கூப்பிட்டாள்.

"இத்தனை இடத்துல ஓடினா எதுவும் உருப்படாது கண்ணு. பாட்டை விட்டுடேன்."

"நான் வாயை மட்டும் அசைக்கிறேன் டீச்சர். சத்தமே வராது."

"அப்புறம் எதுக்குடி வர்றே?"

மடித்து வைத்திருந்த நாற்காலிகளை அந்தப் பெண் ஒவ்வொன்றாக விரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அம்மா வேலையிலேர்ந்து வர நேரமாகும் டீச்சர்."

"வீட்ல வேற யாரும் இல்லையா?"

"மாமா இருக்காரு. இப்ப எங்ககூடத்தான் இருக்காரு."

[அவள் குரல் ஒரு... ] இந்த இடத்தில் உவமை ஒன்று எழுதினேன், பொய்யாக இருந்தது. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது வாசலைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பாட்டு டீச்சர் கவனித்தாள்.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். அந்த மாமாவை எப்படி எழுதுவது? [சிவந்த கண்களும் முரட்டு மீசையுமாக] என்று எழுதியதை அடித்தேன். அவர் அப்படி இருந்திருந்தால் தங்கைக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். பெற்றோர் கூட்டத்துக்குத் தன் அக்காவான அவள் அம்மாவுக்குப் பதிலாக அவர்தான் வந்திருந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை, தன்மையான பேச்சு. பெஞ்சு தூக்கிப் போடக் கைகொடுத்தார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

'நல்ல மனுஷன்மேல வீண்பழி போடறேனோ?' என்று தங்கைக்குக் குழப்பம். விளையாட்டு டீச்சரிடம் மெல்லப் பேச்செடுத்தாள்.

"வம்பை விலைக்கு வாங்காத. நாளைக்கு நம்ம தலைதான் உருளும்" என்றார் அவர்.

பாட்டு டீச்சர் வாயை மூடிக்கொண்டாள். தூக்கம்தான் மூடவில்லை. [இந்த வாக்கியம் சரியில்லை. ஆனால் அவள் அப்படித்தான் சொன்னாள்.]

5

எல்லாம் முடிந்த நாள். மேடைத் திரையைக் கழற்றியாயிற்று. எரிமலை குப்பைக்குப் போயிற்று. அந்தப் பெண் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு என்ன டீச்சர் இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் முடிஞ்சுது."

"எதுவுமே இல்லையா?"

அப்போதுதான் பள்ளிக் கேட்டருகே மாமா நின்று கையசைத்தார். அவள் அழவில்லை, ஒளியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக நடக்க ஆரம்பித்தாள். அந்த நடையைத் தங்கையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சார்!" என்று கத்திவிட்டாள். "இவளுக்கு இன்னும் ஒத்திகை இருக்கு. நாளைக்கு வெளியில ஒரு போட்டி."

"இவ பாடி ஜெயிக்கவா?" மாமா சிரித்தார். "பரவால்ல, வெயிட் பண்றேன்."

பாட்டு டீச்சர் அவளைத் தலைமையாசிரியை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அம்மாவுக்குப் போன் போட்டபோது எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினாள்.

"உடனே வாங்கம்மா. வீட்டுக்குப் போகாதீங்க. நேரா இங்க வாங்க."

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் செருப்புச் சத்தம். ஜன்னல் கண்ணாடியில் மாமாவின் முகம்.

"பாட்டுச் சத்தமே கேக்கலையே டீச்சர்?"

கோப்புகளிலிருந்து தலை நிமிராத தலைமையாசிரியை அன்று எழுந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுக்கு வெளியில நில்லுங்க சார்."

6

அம்மா வந்தபோது வேலையிடத்து அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. இங்கே இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்று: [என் தம்பியையா சொல்றீங்க என்று அம்மா டீச்சரை...]. இரண்டு: [எல்லாம் வெறும் சந்தேகம்தான் என்று...]. முதலாவதற்குத் தங்கை பயந்தாள். இரண்டாவதற்கு ஏங்கினாள். இரண்டும் நடக்கவில்லை.

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். சில வார்த்தைகள்தான். அவை அவளுடையவை, எழுதமாட்டேன். பேசி முடித்ததும் நிமிர்ந்து, "இப்ப சத்தமா சொன்னேனா டீச்சர்?" என்று கேட்டாள்.

அம்மா "நிஜமா?" என்று கேட்கவில்லை.

"எப்போலேர்ந்துடா?" என்றாள் மகளைப் பார்த்து.

கேட்டில் மாமா காத்திருக்க, தாயும் மகளும் சமையலறை ஓரமாக இருந்த பின்வழியில் வெளியேறினார்கள். தலைமையாசிரியையும் கூடப் போனார். எங்கே போனார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கதைக்கு அது நல்ல முடிவாகவும் இருக்கும். ஆனால் அந்த மாமா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவர் கதைகள் படிக்கிறவராம்.

ஆகவே முடிவு இங்கே இல்லை. உங்களுக்குத் தோன்றியதை வைத்துக்கொள்ளுங்கள். தன்மையாகப் பேசும் யாராவது வந்து கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.