ஒலிக்கும் படிக்கம்

...அதேதான், வேறு எவன் பெற்ற பிள்ளையாகவும் இருக்க வழியில்லை, எச்சில் விழுந்ததும் படிக்கம் எழுப்பும் அந்த டிங் ஓசையை லெமுவல் ஹாட்ச் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார், ஆனால் இந்தப் பெட்டியில் எப்படி, ஆல்பனி போகும் இரவு வண்டியில்தானே வைத்துப் பார்க்கப்போகிறோம் என்றார்கள் கம்பெனியில், பகல் வண்டி என்று ஒருவரும் மூச்சுவிடவில்லையே... கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார், பூட்ஸைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுபோல. பக்கத்தில் ஆர்ஃபா வாட்லி அம்மாள், கறுப்புப் பட்டுப் பாவாடையை முழங்கால்வரை வாரிச் சுருட்டி, மூட்டை கட்டினாற்போல் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பெட்டி முழுக்க ஏதோ மாநாட்டுக்குப் போகும் மெதடிஸ்ட் கூட்டம், ஒரு ஊசியை நுழைத்தால் இரண்டு பேருக்குக் குத்தும், அதனால்தான் ஆண்கள் மென்று துப்பும் இந்தப் புகையிலைக் காட்டுக்குள் வந்து உட்காரவேண்டியதாயிற்று. ஸ்பிரிங்ஃபீல்டில் அவளுடைய தம்பி வந்து நிற்பான், அதற்குள் கேட்டுவிட வேண்டும், குளிர்காலம் முழுக்க வாயில் மிட்டாய்போல் உருட்டிக்கொண்டிருந்த கேள்வி, மனைவி போய்ச் சேர்ந்த ஒருவனும் கணவன் போய்ச் சேர்ந்த ஒருத்தியும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பை மூட்டினால் என்ன என்று... வாயைத் திறப்பார், டிங். மூடிக்கொள்வார்.

“இதைச் செஞ்சவன் எவனோ, அவனுக்கு ஆத்மான்னு ஒண்ணு இருக்குமா, மிஸ்டர் ஹாட்ச்?” என்றாள் அம்மாள். வூஸ்டரில் புகையிலை ஒழிப்புச் சங்கம் என்றால் அவள்தான், தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவளும் அவள்தான், எழுபது குரலுக்கு நடுவே எவன் சுருதியில் அரை இழை இறங்கினாலும் கழுத்தைத் திருப்பாமல் அவன் பெயரைச் சொல்வாள், அந்தக் காதுக்காகத்தானே லெமுவல் முதலில் விழுந்தார், இப்போது அதே காது. “என்ன வேலை உங்களுக்கு” என்று முதல் நாள் கேட்டபோது என்ன சொன்னார், “ரயில் பெட்டிக்குப் பித்தளைச் சாமான் வரையுறேங்க, விளக்கு, கைப்பிடி, அந்த மாதிரி”... அந்த மாதிரி. அந்த மாதிரியில் இவ்வளவு எச்சில் அடங்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும். பொய்யா அது, பொய் இல்லை, உண்மையின்மேல் ஒரு மேசைத்துணியை விரித்ததுதான், ஆனால் துணிக்கு அடியில் படிக்கம் இருந்தது.

ஆத்மா இருந்ததே, அதுதானே வினை. பழைய பெட்டிகளில் துப்புவதற்கென்று மணல் நிரப்பிய மரத்தட்டு, வளைவு வந்தால் அது பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஊர்வலம் போகும், தரையில் போட்ட தொப்பியை எடுத்தால் பாதிதான் வரும் என்பார்கள், மீதி ஒட்டிக்கொண்டுவிடும். சுற்றிலும் துப்பினார்கள், தட்டில் மட்டும் துப்பவில்லை. லெமுவல் ஒரு மார்ச் மாதம் முழுக்கப் பெட்டிகளில் உட்கார்ந்து பார்த்தார், ஆட்களை அல்ல, வாய்களை. அப்போதுதான் கண்ணில் பட்டது, நடுவில் எரியும் அடுப்பின்மேல் மட்டும் ஒருவனும் குறி தவறுவதில்லை, ஏன், உஸ்ஸ் என்கிறதே, துப்பியவனுக்கு மறுமொழி சொல்கிறதே... தரை வாயே திறப்பதில்லை, அதை எவன் மதிப்பான். அப்படிப் பிறந்ததுதான் இது, கவிழாத கனத்த அடி, குறுகிய கழுத்து, விளிம்பில் மெல்லிய பித்தளை நாக்கு, சரியாக விழுந்தால் பாடும். தனக்கோ புகையிலை ஒத்துக்கொள்ளாது, ஒரே ஒரு தடவை மென்றுவிட்டு இரண்டு நாள் சுவரோடு பேசிக்கொண்டு கிடந்தார், ஆகவே அறைக் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஆறிப்போன காப்பியை வாயில் அடக்கி அடக்கித் துப்பிப் பார்த்தார், ஐம்பது வயதுக்காரர், முழந்தாளிட்டு. சத்தம் கேட்டு, அறையை வாடகைக்கு விட்டிருந்தவள் காசநோய் என்று நினைத்துக் கடுகுப் பற்றோடு வந்து நின்றாள். அதை மார்பில் போட்டுக்கொண்டார், உண்மையைச் சொல்வதைவிட அது குறைவாகத்தான் எரிந்தது.

டிங். “ஜன்னலோரத்துக்காரரே, பாத்தீங்களா, நடைபாதையைத் தாண்டி விழுந்துச்சு,” என்றான் முன்னால் ஒரு மாட்டு வியாபாரி, செடக் என்று அவனைக் கூப்பிட்டார்கள், தாடை ஒரு ஜாடி அகலம். “உன் வாய் பீரங்கிடா செடக், உனக்கு என்ன,” என்றான் இன்னொருவன், “உக்காந்த இடத்துலேருந்து அடிச்சா பாஸ்டன் துறைமுகத்துல படகு முழுகும்.” வெள்ளைக் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு வக்கீல், பிறந்ததிலிருந்து புகையிலையைத் தொடாத முகம், பக்கத்துக்காரனிடம் தணிந்த குரலில், “ஒரு துண்டு குடுங்க, சும்மா, அந்தச் சத்தத்துக்காக,” என்று கேட்டு வாங்கினார். லெமுவல் கண்ணை மூடிக்கொண்டார். இதற்கு முன் மெல்பவன் மட்டும் துப்பினான், இப்போது மெல்லாதவனும் துப்புவதற்காகவே மெல்கிறான்... தரை சுத்தமாகத்தான் இருந்தது, அதை யாராவது பார்த்தார்களா, பளபளவென்று ஒரு பொட்டு இல்லாமல், ஆனால் அந்தத் தரையைக் காப்பாற்றப் போய் மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதையும் துப்பவைத்துவிட்டாரே. பிரேக் பிடிக்கும் ஆள் கதவைத் திறந்து குறுக்கே நடந்துபோனான், திரும்பிப் பார்க்காமல் தோளுக்குமேல் ஒன்று விட்டான், டிங், பெட்டியே கைதட்டியது.

“உங்க கம்பெனியும் பித்தளைதானே,” என்றாள் அம்மாள் சட்டென்று. “இதைச் செஞ்ச ஆளை உங்களுக்குத் தெரியுமா?” இதோ, இதுதான் இடம், சொல்லிவிட்டால் போயிற்று, நான்தான் அம்மா, தரையைப் பாருங்கள், தரையை மட்டும் பாருங்கள்... “தெரியாதுங்க,” என்றது வாய். “எவனோ நியூயார்க்காரனா இருக்கும்.” நியூயார்க்காரன் வேறு. வெட்கம் காலரிலிருந்து காதுமடல்வரை வெந்நீர்போல் ஏறியது. அவள் தலையசைத்தாள், நம்பிவிட்டாள், நம்பியதுதான் தாங்கவில்லை, கடிந்திருக்கலாம். டிங், செடக்கின் பக்கம். டிங், வக்கீல், முதல் முயற்சி, தோளில் தட்டினார்கள். டொங், கதவோரத்தில். அம்மாள் முகத்தைச் சுளித்தாள், பாடகர் குழுவில் சுளிப்பாளே, அதே சுளிப்பு. “அந்தக் கதவுகிட்ட இருக்கறது சுருதி இறங்குது. செய்யறதுதான் செஞ்சான், அதையாவது ஒழுங்கா செய்யத் தெரியல அந்த நியூயார்க்காரனுக்கு.”

“சுருதில ஒரு தப்பும் இல்லை,” என்றார் லெமுவல், “நிரம்பிடுச்சு, பாதிக்கு மேல போனா சத்தம் கனத்துடும், பெட்டி துடைக்கிறவன் அதைக் கேட்டுத்தான் எடுத்துக் கொட்டணும், அதுக்காகவே அப்படி...” அப்புறம்தான் தன் குரல் தன் காதில் விழுந்தது.

அவள் திரும்பினாள். மெதுவாக, தேவாலயத்தில் எவனோ ஒருவன் பெயரைச் சொல்லப்போகிறவள் போல. அவர் பூட்ஸைப் பார்த்தாள், விரலிடுக்கில் அரம் தேய்த்துத் தேய்த்து ஏறியிருந்த பித்தளை மஞ்சளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “மிஸ்டர் ஹாட்ச்,” என்றாள், “அப்படின்னா நீங்கதான்...” முன்னால் செடக் கன்னம் இரண்டையும் உப்பவைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தான், மறுகோடிப் படிக்கத்தைக் குறிவைத்துவிட்டான், இத்தனை தூரம் இதுவரை யாரும் அடித்ததில்லை, பெட்டி அடங்கியது. லெமுவலுக்கு அப்போதுதான் புரிந்தது, இவ்வளவு நேரமும் வெட்கம் எச்சிலைப் பற்றி இல்லை, தெரியாதுங்க என்றாரே, அதைப் பற்றி, பெற்றதை நடுச்சந்தியில் நிறுத்திவிட்டு யார் வீட்டுப் பிள்ளையோ என்று கைகழுவினாரே... இப்போதாவது ஏதேனும் சொல்ல வேண்டும், மன்னிப்போ கல்யாணக் கேள்வியோ, ஆனால் அவர் காது அந்த டிங்குக்காகக் காத்திருந்தது. அம்மாள் பாவாடையை இறுகப் பிடித்தபடி, கழுத்தைத் திருப்பாமல், ஒரு காதை மட்டும் அந்தக் கோடிப் பக்கம் லேசாகச் சாய்த்திருந்தாள், கோபத்தில் பேச்சு நின்றதா, அல்லது அவளும் அந்த டிங்குக்காகத்தான்...