இரத்தினவேல் வீட்டுக்குப் போன பொதி

எங்கள் தொடர்மாடியின் நிலக்கீழ் அறையில் ஒரு பலகை இருக்கிறது. நாளும் நேரமும் எழுதிய சின்னச் சின்னத் துளைகள், வீட்டுக்கொரு பூட்டு. உங்கள் பூட்டை எந்தத் துளையில் மாட்டுகிறீர்களோ, அந்த நேரம் சலவையறை உங்களுடையது. நோர்வேக்காரர் இதை உடுப்புத் தோய்க்கிற ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது காலைப் பேப்பர். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தது, யார் புருசனோடு கோபம், யாருக்குப் புதுசாய்ப் பிள்ளை, எல்லாம் அதில் இருக்கும். வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் முப்பத்திரண்டாம் இலக்கப் பூட்டு ஒரே கிழமையில் நாலு தரம் தொங்கியது. முப்பத்திரண்டு என்றால் தக்ஷாயினி வீடு. அவள், பஸ் ஓடுகிற புருசன், ஒரு மகள். மூன்று பேருக்கு நாலு தரம் தோய்க்க என்ன இருக்கிறது? மனுசருக்கு மனம் பொறுக்குமா. நானும் கூடைக்குள் இரண்டு துவாயைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பின்னேரம் மூன்றரைதான், ஆனால் ஒஸ்லோ அதற்குள் இருட்டிவிட்டது. கதவுக்கு இந்தப் பக்கமே ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல், தண்ணீர் போல ஓடுகிற ஏதோ ஒரு மொழி. இடுக்கால் பார்த்தேன். தக்ஷாயினியின் மகள் தனுசியா நாலு மெசினுக்கு முன்னால் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மெசின்கள் தங்கள் வட்டக் கண்ணாடி முகங்களோடு வரிசையாக இருந்து கேட்டன. ஒன்றில்தான் உடுப்பு சுழன்றது. நீலம், வெள்ளை, நீலம். மற்ற மூன்றும் விளங்காத பிள்ளைகள் போல விழித்தன. சவர்க்கார வாசமும் மங்கின வெளிச்சமும், கடலுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிற மாதிரி இருந்தது. நான் வந்த வேலையை மறந்து நின்றேன். அதாவது, அடுத்த வீட்டு விடுப்புப் பார்க்க வந்ததை.

தனுசியா ஆசிரியர் படிப்பில் கடைசி வருசம். தை மாசத்திலிருந்து எட்டுக் கிழமை வெளிநாட்டில் படிப்பித்துப் பழக வேண்டும். அதற்குப் பிள்ளைகள் பிராக்சிஸ் என்கிறார்கள். ஸ்பானிய மொழி பேசுகிற நாட்டில், இரண்டு மொழியில் படிப்பிக்கிற பள்ளிக்கூடம். அவளுக்கு முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று ஸ்பெயினில், அலிக்காந்தே கடற்கரையில். நோர்வேப் பிள்ளைகளும் ஸ்பானியப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பெரிய கண்ணாடிக் கட்டடம். மற்றது எக்குவடோரில், மேகம் வந்து யன்னலில் தங்குகிற உயரத்தில். வீட்டில் கிச்சுவா பேசுகிற பிள்ளைகள் அங்கே வந்துதான் ஸ்பானியம் பழகுகிறார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. படிக்கட்டில் இரைச்சலாகக் கதைத்தால் காதைப் பொத்திக்கொண்டா ஏறுவது?

தக்ஷாயினிக்குக் கேள்வி ஒன்றுதான். அது எங்கள் சனம் எல்லாருக்கும் உள்ள கேள்வி. வாடகை, வானிலை, பள்ளிக்கூடத்தின் தரம் எல்லாம் பிறகு. "அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?" அலிக்காந்தேயில் அவளுடைய சித்தப்பா மகன் சயூரன் கடை வைத்திருக்கிறான். கதை முடிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

"அன்ரி, அந்த ரெண்டு துவாயும் காய்ஞ்சுபோச்சு. உள்ளுக்கு வாங்கோ," என்றாள் தனுசியா, திரும்பாமலே.

போனேன். மேசையில் ஒரு காகிதம் கிடந்தது. பார்க்கவில்லை. சரி, பார்த்தேன். ஸ்பானியத்தில் இருந்தபடியால் பார்த்தும் பிரயோசனமில்லை.

"என்ன பிள்ளை, மெசினுக்குப் படிப்பிக்கிறாய்?"

"மெசின் சிரிக்காது."

பிறகு சொன்னாள். போன வசந்தத்தில் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பிராக்சிஸ் செய்து, சித்தியடையவில்லை. குரல் கடைசி வரிசைக்குப் போகவில்லை என்று எழுதிவிட்டார்கள். இன்னொரு தரம் தவறினால் படிப்பு அதோடு சரி. வீட்டில் தெரியாது.

"அப்ப ஸ்பெயினுக்குப் போ. எல்லாம் ஆயத்தமாய் இருக்குமெல்லோ."

"இருபத்தெட்டுப் பிள்ளையள், அன்ரி. கண்ணாடிச் சுவர். என்ரை குரல் அங்கை எங்கை போகும்?" காகிதத்தை எடுத்தாள். "இது எக்குவடோர் ரீச்சர் எழுதினது. பதினொரு பிள்ளையள்தான். இதிலை ஒரு வரி இருக்கு. 'எங்களிடம் வருகிற பிள்ளைகள் முதல் வருடம் வாய் திறக்காமல் இருப்பதுண்டு. நாங்கள் அவசரப்படுத்துவதில்லை.'"

நாலு வயதில் இவளைப் பார்ணஹாகே என்கிற பாலர் பள்ளியில் விட்டபோது ஒரு வருசம் முழுக்க ஒரு சொல்லும் பேசாமல் இருந்தவள். நோர்வே மொழி விளங்காத பிள்ளை, மூலையில் ஒரு மரக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. காது சோதிக்கவேண்டும், மூளை சோதிக்கவேண்டும் என்று அவர்கள் தாயை அலைக்கழித்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒருவரும் இப்படி ஒரு வரி எழுதவில்லை.

"எனக்கு அங்கைதான் போகவேணும்," என்றாள். "ஆனால் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. உங்களைப் பற்றித் தெரிஞ்சுதான் கேக்கிறன்."

அந்தக் கடைசி வசனம் தேவையில்லை. என்றாலும் மேலே ஏறும்போது அந்த இரகசியம் சூடான கல்லுப் போல மடியில் இருந்தது. இரண்டு நாள் ஒருத்தர் வீட்டுக் கதவையும் தட்டவில்லை.

மூன்றாம் நாள் தக்ஷாயினி வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "விமலாக்கா, இவள் எக்குவடோர், எக்குவடோர் எண்டு நிக்கிறாள். ஏன் எண்டு உங்களுக்குத் தெரியாமல் இராது."

வாயைத் திறந்தேன். உள்ளதைச் சொல்லத்தான் திறந்தது என்று நினைக்கிறேன்; நாற்பது வருசப் பழக்கம். ஆனால் வெளியில் வந்தது வேறு.

"அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமே."

"எக்குவடோரிலையோ?"

"ஓம். இரத்தினவேல் எண்டு ஒருத்தர். நெடுந்தீவு ஆள். ரோசாப்பூ ஏற்றுமதி."

ரோசாப்பூ எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? கடைப் பூக்கட்டில் எக்குவடோர் என்று ஒட்டியிருந்ததை முதல்நாள்தான் பார்த்தேன். பொய்க்கும் ஒரு ஆதாரம் வேண்டாமா.

"மனுசி?"

"இருக்கிறா. ரெண்டு பிள்ளையள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடு."

தக்ஷாயினி என்னை ஒரு நிமிசம் பார்த்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தாள். வெள்ளிக்கிழமை தனுசியா எக்குவடோருக்குப் பெயர் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் அவள் என் வாசலில் நின்றாள். "இரத்தினவேல் மாமாவுக்கு என்ன வயசு, அன்ரி?"

"ஐம்பத்தெட்டு."

"மொட்டையோ?"

"முன்னுக்குக் கொஞ்சம்."

"சரி, நினைவு வைக்கிறன்," என்று இறங்கிப் போனாள். சிரித்தாளா, அழுதாளா என்று படிக்கட்டு வெளிச்சத்தில் தெரியவில்லை.

பொய் சொல்லுவது லேசு, சாப்பாடு போடுவதுதான் பாரம். தக்ஷாயினி இரத்தினவேல் குடும்பத்துக்கு முறுக்குச் சுட்டாள், பயத்தம் பணியாரம் செய்தாள், மிளகாய்த்தூளை மூன்று பைக்குள் கட்டினாள். பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி இரண்டு. விமான நிலையத்தில் பாரம் கூடிப்போய் மகளுடைய சப்பாத்தை வெளியே எடுத்தாள், பொதியை எடுக்கவில்லை.

பிறகு பனி. அந்தத் தை, மாசி முழுக்க வெளியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. நான் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து இரத்தினவேலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது, வந்துவிட்டார். காலையில் மேகத்துக்குள்ளால் பூந்தோட்டத்துக்கு நடப்பார். சிவப்புப் பூக்களில் தண்ணீர் சொட்டும். மனுசி வாசலில் நின்று நெடுந்தீவுக் குரலில் கூப்பிடுவா, மலை திரும்பிக் கூப்பிடும். குதிரைகூட வைத்திருந்தார்கள், குதிரைக்குப் பேர்போன தீவு நெடுந்தீவு, அந்த ஆட்களுக்கு அது இல்லாமல் எப்படி. சில நாள் பஸ்ஸில் இருக்கும்போது, அந்த வீட்டுக்குப் போகிற வழி எனக்குத் தெரியும் போலவே இருந்தது.

தக்ஷாயினி போனோடு வந்து மகள் எழுதியதை வாசிப்பாள்.

"'இரத்தினவேல் மாமா வீட்டை முறுக்குக் குடுத்தனான். எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. கடைக்குட்டி மட்டும் ஒண்டும் கதைக்கேல்லை. ஆனால் ரெண்டாம் தரமும் கையை நீட்டினவள்.'"

நான் யன்னலைப் பார்த்துக்கொண்டேன். அது எந்த வகுப்பின் கடைக்குட்டி என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு கிழமை: "'மாமா வீட்டுப் பிள்ளையள் கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குக் கிட்ட வந்திருக்கினம். கடைக்குட்டி மூலையை விட்டு வாறாள் இல்லை. கிட்டடியிலை நான் கதைக்கிறதைப் பார்க்க ஆக்கள் வரப்போகினம். பயமாய்க் கிடக்கு.'"

"அவளின்ரை கதையைப் பார்க்க ஏன் ஆக்கள் வருகினம்?" என்று தக்ஷாயினி கேட்டாள்.

"கலியாணப் பேச்சாய் இருக்கும்," என்றேன். வேறு என்ன சொல்ல.

எட்டாம் கிழமை சோதனை. அன்றைக்குப் பலகையில் என் பூட்டை மாட்டிவிட்டு, கீழே போய், ஒன்றும் தோய்க்காமல் நாலு மெசினுக்கு முன்னால் இருந்தேன். சின்னச் சத்தத்தில் எங்கோ குழாயில் தண்ணீர் ஓடியது.

கதவு திறந்தது. தக்ஷாயினி. கையில் போன். எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்து வாசித்தாள்.

"'அம்மா, பின்னுக்கு ரெண்டு பேர் இருந்து எழுதிக்கொண்டிருந்தவை. என்ரை குரல் பழையபடி உள்ளுக்குப் போட்டுது. அப்ப மூலையிலை இருந்து ஒரு குரல். ஆறு மாசமாய் அந்த வகுப்பிலை ஒருத்தரும் கேட்காத குரல். உரத்துச் சொல்லுங்கோ ரீச்சர், எனக்குக் கேக்கேல்லை, எண்டது. கிச்சுவாவிலை இல்லை, ஸ்பானியத்திலை. எல்லாரும் திரும்பிப் பார்த்தினம். நான் உரத்துச் சொன்னன். பாஸ்.'"

எழுதினதில் இரத்தினவேல் மாமாவைக் காணவில்லை. பிள்ளை சந்தோசத்தில் அவரை மறந்துபோனாள். எனக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

"வருசம் முடியுமட்டும் நிக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலை கேக்கினமாம்," என்றாள் தக்ஷாயினி. "படிப்பின்ரை கடைசிக் கட்டுரையை அங்கை இருந்தே எழுதலாமாம்."

"விடப்போறியோ?"

அவள் தன் கூடையை இழுத்தாள். உடுப்பு இல்லை. முறுக்கு, சின்னச் சின்னப் பைகளில். ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு வாங்கில் அடுக்கினாள். தபாலில் ஒரு மாசம் எடுக்கும், எண்ணெய்ப் பலகாரம் தாங்கும் என்றாள். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

"இரத்தினவேலுக்கு ரெண்டு பிள்ளையள் எண்டெல்லோ சொன்னனான்," என்றேன், மெதுவாக.

"இப்ப பதினொண்டு."

நான் ஒரு பையை எடுத்து முடிச்சை இறுக்கினேன்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. உங்கடை வீட்டாலை போய் எட்டுப் பேருக்குப் போன் அடிச்சனான். பாரிஸ், கனடா, பேர்கனிலை நெடுந்தீவுச் சங்கத்துச் செயலாளர். ஒருத்தருக்கும் தெரியாது. எங்கடை சனத்திலை ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு தமிழன் இருக்கேலாது, அக்கா. அதுவும் ரோசாப்பூ விக்கிற ஆள்."

இதை நான் யோசிக்கவில்லை. நானே அப்படித்தானே தேடியிருப்பேன்.

"பிறகு ஏன் விட்டனி?"

"நீங்கள் ஒரு விசயம் தெரிஞ்சும் சொல்லாமல் விட்டதை நான் இருபது வருசத்திலை காணேல்லை," என்றாள், அடுத்த முடிச்சைப் போட்டுக்கொண்டு. "அப்ப அது அவளுக்கு அவ்வளவு பெரிசு எண்டு விளங்கினது."

பன்னிரண்டாவது பை ஒன்று வெறுமையாக இருந்தது. அதை எனக்கு நீட்டினாள்.

"இது இரத்தினவேலின்ரை மனுசிக்கு. பேர் எழுதவேணும். என்ன பேர்?"

நான் பேனையை வாங்கி, நாலு மெசினையும் ஒருதரம் பார்த்தேன். மேகம், வாசல், மலையில் திரும்பிக் கேட்கிற அந்தக் குரல். இவ்வளவு நாளாய்ப் பக்கத்தில் இருந்தும் பேரைக் கேட்காமல் விட்டுவிட்டேனே.

"கனகம்மா," என்று எழுதினேன். "முறுக்கு நல்லாய் வை. மனுசிக்குப் பல்லு நல்ல பல்லு."