ஓடைக்கு நடுவே வருங்கால எம்.பி.

ஓடையின் பாதியில் வந்து நின்றபோது திரௌபதிக்கு ஒரு கையில் மருமகள், ஒரு கையில் இருவரின் செருப்பு, பல்லிடுக்கில் புடவைத் தலைப்பு. அதனால் அக்கரையில் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்த புருஷனை வாய்விட்டுத் திட்ட முடியவில்லை. அன்றைக்கு வந்த எரிச்சல்களில் அதுதான் பெரிய எரிச்சல். மருமகள் இலக்கியாவுக்கு ஏழாம் மாதம்; மகன் வெளியூர் வேலையில். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பளத்து வரப்பில் நடந்து, இந்த ஓடையில் இறங்கி ஏறினால்தான் வீடு. ஆவணியிலேயே தண்ணீர் முட்டிக்கு மேல் நின்றது. ஐப்பசியில் கழுவெளி ஏரி நிரம்பி வழிந்தால் நடு ஓடையில் இடுப்பைத் தாண்டும். அடியில் இருக்கிற சேறு காலைப் பிடித்தால் லேசில் விடாது. நர்சம்மா நாள் குறித்துச் சொன்னதும் ஐப்பசியில்தான்.

அக்கரையில் கலியபெருமாள் உப்பு மூட்டைக்காரர்கள் இருவரை நிறுத்திவைத்துத் தொகுதியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கட்சியின் கிளைச் செயலாளர். கிளை என்பது அவர், அவருடைய மச்சினன் குப்புசாமி, ஒரு கொடிக்கம்பம்.

"நம்ம திண்டிவனம் பாராளுமன்றத் தொகுதி இருக்குதே, அது கடல்ல ஆரம்பிச்சு மலையில முடியுது. இங்க உப்பு, செஞ்சியில கோட்டை, வந்தவாசியில கோரைப்பாய். மொத எலெக்‌ஷன்லருந்து இருக்குது. இந்தியாவுல எவனுக்கு இருக்குது இப்படி ஒரு தொகுதி?"

அவர் திண்டிவனத்தைத் தாண்டிப் போனது ஒரே முறை. அதுவும் பஸ்ஸில் தூங்கிவிட்டதால்.

பேசும்போது அவர் நின்றது கரையிலிருந்த அடிக்கல்லை ஒட்டி. சுனாமி வந்துபோன சூட்டில் பார்க்க வந்த பெரிய மனிதர்களில் உப்பு வியாபாரி சிவஞானமும் ஒருவர். மற்றவர்கள் பிரெட்டும் போர்வையும் கொடுத்தார்கள். சிவஞானம் கல் கொடுத்தார். முழங்கால் உயரச் சிமெண்ட் மேடை, அதன் மேல் படுக்கவைத்த கருப்புக் கல், அதில் தங்க எழுத்து: 'சிறுபாலம் அடிக்கல் நாட்டு விழா. வருங்கால நாடாளுமன்ற உறுப்பினர், உப்பு மண் ஈன்ற செம்மல் சிவஞானம் அவர்களின் பொற்கரங்களால்.' சீட்டு கேட்கப்போகிறாராம். மழைக்கு முன்னால் சொந்தப் பணத்திலேயே பாலம் கட்டிவிடுவாராம். அன்று மேளம் அடித்தார்கள், லட்டு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கல்லுக்கு வந்தவை காக்கைகள் மட்டும்தான்.

கரையேறித் தலைப்பை விடுவித்ததும் திரௌபதி முதலில் கேட்டது, "தொகுதி கெடக்கட்டும். பாலம் எப்ப?"

"வேலை நடந்துக்கினு இருக்குது" என்றார் கலியபெருமாள். கல்லின் மேலிருந்த எச்சத்தைத் துண்டால் துடைத்தார்.

பதில் மறுவாரம் குப்புசாமி மூலம் வந்தது. சிவஞானத்தின் உப்பு மண்டிக்குப் போய்விட்டு வந்தவன், முகம் செத்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். நாடு முழுக்கத் தொகுதிகளைக் கலைத்துப் புதிதாக எல்லை போடுகிறார்களாம். திண்டிவனம் என்ற பெயரே இருக்காது என்று ஒரு பேச்சு. இந்த ஓடைதான் எல்லையாக வரும் என்று இன்னொரு பேச்சு. ரோட்டுப்பக்கம் ஒரு தொகுதி, ஊர்ப்பக்கம் வேறு தொகுதி.

"கல்லு இருக்கற கரை நம்ம தொகுதி இல்லன்னா நான் எதுக்குக் காசு போடணும்னு கேக்கறாரு மாமா."

கலியபெருமாள் டீயை வைத்துவிட்டார். சொந்த வீடு ஏலத்துக்குப் போனது போல இருந்தது அவர் முகம். தலைமுறை தலைமுறையாக ஆண்ட மண் என்றார். கோட்டையைக் கொண்டுபோய் எவனுக்குக் கொடுப்பது என்றார். அவர் புலம்பி முடிக்கும்வரை திரௌபதி எதிரே தன் வீட்டு வாசலில் நின்று மீன் அலசிக்கொண்டிருந்தாள். முடிகிற மாதிரி தெரியவில்லை என்றதும் கேட்டாள்.

"ஏன்யா, பாலம்னா ரெண்டு கரையிலயும்தானே இருக்கும்? பாதிப் பாலத்த மட்டுமா தூக்கிக்கினு போவானுங்க அந்தத் தொகுதிக்கு?"

"உனக்கு அரசியல் தெரியாது."

"எனக்கு ஓடை தெரியும்."

கலியபெருமாளுக்கு யோசனை வந்தது மறுநாள், உப்பளத்தில். அங்கே ஒவ்வொரு மழையும் பாத்தி வரப்புகளைக் கரைத்துவிட்டுப் போகும். தை பிறந்ததும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திக்காரர்கள் மூலைக்கல்லுக்கு மூலைக்கல் ஒரே கயிற்றைப் பிடித்து, ஆளுக்கொரு பக்கம் நின்று சேற்றை மிதித்து வரப்பு எழுப்புவார்கள். கல் எங்கேயோ, வரப்பு அங்கே. கல் ஒரு சாண் நகர்ந்திருந்தால் வரப்பும் ஒரு சாண் நகரும். பிறகு போலீஸே வந்தாலும் கயிற்றுக்குத்தான் மரியாதை. முந்தைய வருஷம் பக்கத்துப் பாத்திக்காரர் அப்படித்தான் இவரிடமிருந்து ஒரு முழம் எடுத்துக்கொண்டார். ஒரு முழம் போனபோது வராத ஞானம் ஒரு தொகுதியே போகும்போது வந்தது.

"எல்லைய எவனும் தண்ணியில கோடு போட்டுக் குறிக்கமாட்டான். கல்லப் பார்த்துதான் குறிப்பான். கோட்டக்குப்பத்துல பாரு. பிரெஞ்சுக்காரன் நட்ட கல்லு, அவன் போயும் ஒரு காலு பாண்டியில, ஒரு காலு தமிழ்நாட்டுல. இன்னிக்கு வரைக்கும் எவனால அசைக்க முடிஞ்சுது? நம்ம கல்ல ரோட்டுக்கரைக்கு மாத்திட்டா எல்லையும் கூடவே நகரும், ஓடையும் பாலமும் நம்ம தொகுதி, தலைவரும் மறுக்க முடியாது."

"அது எல்லைக்கல்லு இல்லய்யா. லட்டு குடுத்த கல்லு" என்றாள் திரௌபதி.

"கல்லு கல்லுதான்" என்றார் கலியபெருமாள். குப்புசாமி தலையாட்டினான். அவன் யார் கடைசியாகப் பேசினாலும் தலையாட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீனவர் குப்பத்திலிருந்து ஒரு கட்டுமரத்தை இரவல் வாங்கி ஓடைக்குக் கொண்டுவந்தார்கள். கடப்பாரை போட்டதும் கல் மட்டும் பெயரவில்லை, மேடையோடு சேர்ந்தே வந்தது. பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. திரௌபதி வரக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் வீட்டுக்குள் இலக்கியா காலை நீட்டி, வீங்கிய பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். நூற்றில் ஒரு பங்கு இந்தப் பைத்தியக்காரத்தனம் பலித்துவிட்டால்? அவளும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள். பிடித்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

நடு ஓடை வரைக்கும் கல்லிலிருந்த சிவஞானம் சொகுசாகத்தான் போனார். அங்கே கலியபெருமாள் ஓர் ஓரமாக ஏறி நின்று, "வாழ்க" என்று ஆரம்பித்தார். கட்டுமரம் அவர் பக்கம் சாய்ந்தது. மேடை சறுக்கிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் உட்கார்ந்தது. எழுத்து வானத்தைப் பார்த்தபடி, நாற்காலியில் உட்கார்வது போல, நேராக. கலியபெருமாள் சற்றுத் தள்ளி விழுந்தார். எழுந்து, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, கல் இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். இழுத்துப் பார்த்தார்கள், சேறு விடவில்லை.

"உடுங்க மாமா" என்றான் குப்புசாமி. "இப்ப ரெண்டு தொகுதிக்கும் பொதுவா போச்சு."

கரையில் சிரித்து ஓய ரொம்ப நேரமாயிற்று. திரௌபதிக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறு உரசிய உள்ளங்கையை ஊதிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

சிவஞானம் வரவே இல்லை. எல்லை இன்னும் முடிவாகவில்லையாம், வருஷக்கணக்கில் ஆகுமாம். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று இரும்பை கிராமம் வரைக்கும் ஊர் ஊராகக் கல் நட்டுக்கொண்டிருக்கிறாராம். எல்லாக் கல்லிலும் வருங்காலம்தான். தொகுதிப் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாராம். இதைக் கேட்ட திரௌபதி, "இன்னும் நாலு தலைவருங்கள இந்த ஓடைக்குள்ள அடிக்கல் நாட்டச் சொல்லு. நாங்க அது மேலயே நடந்து போயிடுவோம்" என்றாள்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் விடிந்ததும் இலக்கியாவுக்கு வலி எடுத்தது. கட்டுமரம் கேட்கக் குப்பத்துக்கு ஓடினால், கடல் கொந்தளிப்பில் எல்லாவற்றையும் மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டார்களாம். குப்புசாமி கழியால் தண்ணீரைக் குத்திக்கொண்டே முன்னால் போனான். திரௌபதி மருமகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் கலியபெருமாள், துணிப்பையைத் தலையில் வைத்து, வழக்கத்துக்கு மாறாக வாயை மூடிக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில் தண்ணீர் இலக்கியாவின் வயிற்றைத் தொட்டது.

"முடியல அத்த" என்று அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கடா கல்லு?"

"தோ, இங்கதான்க்கா." கழி டங்கென்று இடித்தது.

இருவரும் சேர்ந்து அவளை மேலே ஏற்றினார்கள். வயிறு தண்ணீரை விட்டு வெளியே வந்தது. அடுத்த வலி வந்துவிட்டது போல; திரௌபதியின் தோளைக் கெட்டியாகப் பிடித்தாள். பளபளவென்று இழைத்த கல், பாசி வேறு, பாதம் வழுக்கியது.

"அங்க இல்லம்மா" என்று பின்னாலிருந்து கலியபெருமாளின் குரல் வந்தது. "கொஞ்சம் இந்தாண்ட. தலைவர் பேரு மேல கால வை. அங்கதான் எழுத்த ஆழமா வெட்டியிருக்கான், புடிப்பு இருக்கும்."

இலக்கியா காலை நகர்த்தினாள். கால்விரல்களை எழுத்துகளுக்குள் மடக்கி ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்தாள். மழை மறுபடி பிடித்தது. இரண்டு கரைக்கும் நடுவே நாலு பேரும் அசையாமல் நின்றார்கள், அந்த வலி போகட்டும் என்று.