வேற வீட்டு மாமா

இலஞ்சி ஊர் சுபாஷுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. போலீஸ் வேலைக்காகத் தினமும் விடியற்காலையில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன். தென்காசி ஆஸ்பத்திரியில் கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, டிபி கட்டிதான், மாத்திரையில் சரியாகிவிடும் என்றார்கள்.

மாத்திரை வாங்கப் போன அன்றைக்கு அப்பா குற்றாலீஸ்வரனும் அம்மா குருவம்மாளும் கூட இருந்தார்கள். அச்சன்புதூரிலிருந்து அம்மாவின் தம்பி மந்திரமூர்த்தியும் பஸ் ஏறி வந்துவிட்டார். மருமகனுக்குத் தலைவலி என்றாலே அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

டாக்டர் ரிஃபாத் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே வந்தார்.

"இதுல ஒரு மாத்திரை சிலருக்குக் கண்ணைப் பாதிக்கும். அதான் கேக்கேன். குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே பார்வை போயிருக்கா?"

"எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் கிடையாதும்மா" என்றார் குற்றாலீஸ்வரன்.

குருவம்மாளும் தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. குடும்பம் என்றால் அவர்களுக்கு இலஞ்சி வீடு. கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து குருவம்மாளுக்குப் பிறந்த வீடு வேற வீடு. சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் அவர்கள் சம்பந்தக்காரர்களாக எதிர்ப்பக்கம் நின்றுதான் பழக்கம்.

டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டைகளைச் சுபாஷ் சட்டைப்பையில் வைத்தான். அந்நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார்.

"ஏலே மருமவனே, முடிஞ்சுதா? டீ குடிக்கப் போவோமா?" என்றவர், டாக்டர் இருப்பது தெரிந்து, "வணக்கம் டாக்டரம்மா" என்று சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என்ன அண்ணாச்சி, செவத்துக்கு வணக்கம் வைக்கீங்க?"

"நேரா பாத்தா உங்க மூஞ்சி இருக்க எடத்துல புகை மாதிரி நிக்கும்மா. ஓரமாப் பாத்தாத்தான் ஆள் இருக்கதே தெரியும். இருவத்தி நாலு வயசுல ஒரு கண்ணு போச்சு. ரெண்டு மாசத்துல இன்னொண்ணு. எங்க அம்மா கூடப்பொறந்த மாமாவுக்கும் இப்படித்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சுபாஷுக்கு யாரு?"

"தாய்மாமன். இவனை மடியில வச்சுக் காது குத்துனப்போ என் வேட்டியை நனைச்சுட்டான்லா."

"மாமா!" என்றான் சுபாஷ்.

"தம்பி, அந்த மாத்திரையை இங்கன குடுங்க" என்று டாக்டர் சுபாஷிடம் கையை நீட்டினார்.

"அவுக வேற குடும்பம்லாம்மா?" என்றார் குற்றாலீஸ்வரன்.

"சார், இது அம்மா வழியா மட்டுந்தான் வரும். உங்க பக்கம் ஏழு தலைமுறையைச் சொன்னாலும் பிரயோஜனம் இல்ல. இவர் ஒருத்தரைச் சொன்னாப் போதும்."

குருவம்மாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பிள்ளைக்கு என்னாலயாம்மா வருது?"

"நீங்க என்ன, கடையிலயா வாங்கிக் குடுத்தீங்க? உள்ள இருந்தாலும் எல்லாருக்கும் பார்வை போயிராதும்மா. அதைத் தூண்டி விடுற மாத்திரையைக் குடுக்காம இருக்கணும், அவ்வளவுதான். டிபிக்கு மருந்தை நிறுத்தக் கூடாது. அது ஒண்ணுக்குப் பதிலா வேற போடுவோம். தம்பி, பீடி சிகரெட்டு, குடி பக்கம் போகவே கூடாது."

மாமா மெதுவாகக் கேட்டார். "அப்போ எம்பொண்ணு வேல்விழிக்கு?"

"அப்பா வழியா வராது அண்ணாச்சி. உங்களால அவளுக்கு வரவே வராது."

மாமா தெரு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தார். "ஏ அக்கா, கேட்டியா? அவ ராத்திரி படிக்கும்போதெல்லாம் பக்கத்துல உக்காந்து, எழுத்து தெரியுதாட்டி, தெரியுதாட்டின்னு அவளை வதைச்செடுத்துட்டேன்!"

ரத்தப் பரிசோதனையில் மாமாவுக்கு இருக்கும் அதே கோளாறு சுபாஷுக்குள்ளும் இருப்பது தெரிந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மாசாமாசம் கண் டாக்டரிடம் காட்டிக்கொண்டே மருந்தை முடித்தான். கட்டி கரைந்தது. கடைசியாகக் காட்டிய அன்றைக்கு எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தான். குற்றாலீஸ்வரன் அவனைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்ல, "இனி பலகையைத்தான் மாத்தணும்" என்றார் கண் டாக்டர்.

அங்கிருந்து மாமாவையும் கூட்டிக்கொண்டு நேரே ஐந்தருவிக்குப் போனார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குளித்து வந்து தலை துவட்டுவதற்குள் நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைக் குரங்கு ஒன்று தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

"எங்கலே போச்சு?" என்றார் மாமா.

"அந்தா, மரத்து உச்சியில மாமா. குட்டி மடியில கெடக்கு. ஒரு சிப்ஸை எடுத்து, நக்கிப் பாத்துட்டு, குட்டி வாயில வைக்குது. குட்டிக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கு."

குற்றாலீஸ்வரன் அண்ணாந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "எனக்கு மரம் மட்டுந்தான்லே தெரியுது."

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கையைக் குடுங்க அத்தான். கீழ ஒரே பாசி. நான் கூட்டிட்டுப் போறேன்."