பவுனம்மாளின் பன்னிரண்டு வில்லைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் குழாயடியில் ஆறு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைக் கண்டதும் கப்சிப். என் காதில் விழுந்தது ‘பெப்பர்மிண்டு’ என்ற ஒரு சொல்தான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

1936ஆம் ஆண்டு, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு… (வேண்டாம். இந்தக் கதையில் மழைக்கு வேலையில்லை.)

பவுனம்மாளுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது பிள்ளை வீட்டிலேயே பிறந்தபோது உதிரம் நிற்காமல், அவள் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்று தாங்காது என்று மிஸ்ஸி சீதாலெட்சுமி (தாதியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) பன்னிரண்டு வெள்ளை வில்லைகளைத் தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

“கொயினா கலந்தது. முழுங்கக்கூடாது. அவர் பக்கத்துல வர்றதுக்கு முன்னாடி உள்ள வச்சுக்கணும். பிள்ளை தங்காது.”

3

கணவன் சின்னையாவுக்கு ரயில் பட்டறையில் வேலை. (முதலில் இவனைக் குடிகாரனாக எழுதி அடித்துவிட்டேன். நல்லவன் செய்யும் கூத்துதான் ஆபத்து.) மலேரியாக் குளிரில் நடுங்கியவன் டப்பாவைத் திறந்தான். ஒன்றை நக்கிப் பார்த்தான். கசந்தது. மலேரியாவுக்குக் கொடுக்கும் அதே கொயினாவேதான்! நான்கே நாளில் பன்னிரண்டையும் விழுங்கினான். பெண்டாட்டி ஏசுவாளே என்று அதே அளவில் பெப்பர்மிண்டு வாங்கிப் போட்டு மூடிவைத்தான்.

4

இரண்டு மாதம் தள்ளிப்போனது. மிஸ்ஸி ஏமாற்றிவிட்டாரா? பவுனம்மாள் மிச்சமிருந்த வில்லையொன்றை வாயில் போட்டாள். இனித்தது.

“உள்ள வச்சதும் எரிஞ்சப்பவே நினைச்சேன்! என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?”

சின்னையா சொன்னான். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு முடியுமுன்பே அழுதாள்.

“போன தடவை பாயெல்லாம் ரத்தம். நீங்கதானே கழுவினீங்க?”

அவன் டப்பாவை மூடி அவள் கையில் கொடுத்தான்.

“இந்தத் தடவை ஆஸ்பத்திரிதான். மிஸ்ஸிகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும். ஒண்ணு விடாம.”

5

ஒரு முடிவில் அவளைச் சாகடித்தேன். அழவைப்பது சுலபம், கிழித்துவிட்டேன். இன்னொன்றில் இரட்டைப் பிள்ளை [அவளே என் கையைத் தட்டிவிட்டாள்]. இல்லை, ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிழைத்தாள். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனக்கு எழுத வராதது அதற்கு ஏழு மாதம் முந்தைய ஒரு காலை. மருந்தகத்தில் பதினான்கு பெண்கள். நடுவில், தொப்பியைக் கசக்கியபடி சின்னையா.

“என்ன வேணும்?” என்றார் மிஸ்ஸி.

“மிஸ்ஸி… அந்த வில்லை வந்து…”

ஒன்பது தடவை எழுதி அடித்துவிட்டேன். மீதியை நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் உரக்க, மிஸ்ஸிக்குக் காது மந்தம்.