முள்விரிப்பில் விழுந்தவன்

எம்லினுக்கு அந்தச் சரிவில் எதிராளி என்று யாரும் இருந்ததில்லை. வேல்ஸ் மலையோரத்தில் பிளாஸ்டிக் முள்விரிப்பு பதித்து, பனியே இல்லாமல் பனிச்சறுக்கு ஆட வைத்திருந்த சரிவு அது. பதினைந்து வருடங்களாக வியாழன்தோறும் அவன்தான் அங்கே ராஜா. இரண்டு சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு அவன் இறங்கினால், வேலிக்கு அப்பால் மேயும் ஆடுகள்கூடத் தலை தூக்கும்.

போன இலையுதிர் காலத்தில் அவன் மனைவி நெஸ்டா, பாட்டுக் குழுவை விட்டுவிட்டு அதே சரிவுக்கு வந்து சேர்ந்தாள். வந்தவள் கட்டைகளைத் தொடவில்லை. பையன்கள் இரண்டு காலையும் வைத்து நின்று சறுக்குகிற ஒற்றைப் பலகையை எடுத்துக்கொண்டாள். சொல்லிக் கொடுத்தவன் கெரைன்ட். முப்பதுகூட ஆகாதவன். அவள் எதிரே பின்னோக்கி நடந்தபடி, இரண்டு கைகளையும் பிடித்து மெல்ல மெல்ல இறக்குவான். அவள் விழுவாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பாள். மேலே, ஆட்களை ஏற்றிவிடும் இழுவைக் கம்பியருகில் நிற்கும் எம்லினுக்கு அந்தச் சிரிப்பு காதுக்குள் எரியும்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் கேட்டேவிட்டான்.

"ரெண்டு கையையும் பிடிச்சாத்தான் அந்தப் பலகை நகருமா?"

"பிடிக்கலைன்னா என் மூஞ்சி தேஞ்சு போயிடும். பரவால்லையா?"

"நான் சொல்லிக் கொடுக்க மாட்டேனா?"

"நீயா? போனவாட்டி நான் கட்டை மாட்டினப்போ மூணே நிமிஷத்துல கத்த ஆரம்பிச்சே. மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. வாயில் இருந்த உருளைக்கிழங்கை விழுங்கினான், அவ்வளவுதான்.

வசந்தத்தில் ஒரு வியாழன். மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்த முள்விரிப்பில் வேகம் கூடும் என்பது அவனுக்குத் தெரியும். கீழே கெரைன்ட் கைகளை விட்டுவிட, நெஸ்டா முதல் தடவையாகத் தானே திரும்பினாள். "பார்த்தியா! பார்த்தியா!" என்று அவள் கத்தியது கெரைன்டைப் பார்த்து. எம்லினுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அவர்களை உரசுகிற மாதிரி பாய்ந்து, கெரைன்டின் முகத்தில் தண்ணீர் அடிக்கத் திரும்ப வேண்டும் என்று கிளம்பினான்.

திரும்பும்போது கட்டையின் ஓரம் வழுக்கியது. ஊன்றிய கையின் கட்டைவிரல் விரிப்பின் வலைக்கண்ணி ஒன்றில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் கீழே போனது.

முதலில் ஓடிவந்தவன் கெரைன்ட். "அசையாதீங்கண்ணே, விரலை இழுக்காதீங்க" என்று மண்டியிட்டு, விரலைப் பூப்போல விடுவித்தான். அந்த அக்கறை வலியைவிட அதிகமாக வலித்தது.

ஆஸ்பத்திரிக்கு நெஸ்டாதான் கார் ஓட்டினாள்.

"அவன் மேலதானே பாயப் பார்த்தே?"

எம்லின் கார்க் கண்ணாடியில் ஆடும் துடைப்பானையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா."

"லூசு. அந்தப் பையனுக்கு ஆகஸ்ட்ல கல்யாணம்."

"முதல்ல அவன் மேலதான் பொறாமைன்னு நினைச்சேன். இப்போ தெரியலை" என்றான். "நீ விழுந்துட்டுச் சிரிக்கிறே நெஸ்டா. இத்தனை வருஷத்துல நான் அங்க ஒரு நாள்கூடச் சிரிச்சதில்லை. எத்தனை நொடியில இறங்கினேன்னு கடிகாரத்தைத்தான் பார்த்தேன். நீ சிரிக்கிறதைப் பார்த்தா வயிறு எரியுது."

சிக்னலில் நின்றபோது, "எரியட்டும். அதுக்காக நான் நிறுத்த மாட்டேன்" என்றாள்.

"நிறுத்தச் சொல்லலையே."

"சொல்லத்தான் வந்தே."

அவன் தலையை ஆட்டினான்.

விரலில் மாவுக்கட்டோடு அடுத்த வியாழனும் போனான். வேலியோரம் மழையில் நின்றான். நெஸ்டா மேலிருந்து தனியாக இறங்கினாள். நன்றாகத்தான் இறங்கினாள். அவன் வயிறு மறுபடியும் எரிந்தது. "முழங்காலை இன்னும் மடக்கு!" என்று கத்தினான்.

"வாயை மூடு!" என்று கத்திக்கொண்டே அவள் அவனைக் கடந்து போனாள்.